குன்னூர்ப் பேருந்தில் நான்கு ஆட்டு முழங்கால்கள்

திங்கட்கிழமை காலை குன்னூரில் இறங்கியபோது என் காதுகள் இரண்டும் அடைத்திருந்தன. மயிலாடுதுறையில் நான் ஏறிய மிக உயரமான இடம் ரயில் நிலையத்து நடைமேம்பாலம். அங்கே காது அடைப்பதில்லை. என்னை அழைத்துப் போக வந்திருந்த வசந்தி அக்கா ஏதோ சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தாள். எல்லாவற்றுக்கும் தலையசைத்தேன். பிறகு அவள் திரும்பிப் பார்த்து, எச்சிலை விழுங்கும்படி சைகை காட்டினாள். விழுங்கினேன். உலகம் திறந்துகொண்டது. முதலில் கேட்டது ஒரு நடத்துநரின் குரல்: “ஏனுங்க, மலை பாக்க வந்தவிங்க மலையப் பாத்துட்டே பஸ் முன்னால நிக்கிறீங்களே, கொஞ்சம் ஒதுங்குங்க!”

அக்கா என் பெரியம்மாவின் மகள். அவள் வேலை செய்த ஆய்வுக்கூடம் ஊருக்கு மேலே, தேயிலைச் சரிவின் நடுவே, ஓடு வேய்ந்த பழைய பங்களா ஒன்றில் இருந்தது. முழங்காலில் எலும்பும் எலும்பும் உரசிக்கொள்ளாமல் அவற்றின் முனைகளைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு சேதமடைந்தால் எப்படி ஆறுகிறது, பெரும்பாலும் ஏன் ஆறுவதில்லை என்பதே அங்கு நடந்த ஆய்வு. சரிவிலேயே நின்று கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு முழங்கால் சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது. எஸ்டேட் மக்களுக்குப் புரியும்படி ஆய்வைப் பற்றி ஒரு சிறு கையேடு தமிழில் வேண்டும், முதுகலைத் தமிழ் படிக்கிறாயே, விடுமுறையில் வந்து எழுதிக் கொடு என்று அக்கா கடிதம் போட்டிருந்தாள்.

ஆய்வுக்கு ஆட்டின் முழங்கால்கள் தேவைப்படும் என்று கடிதத்தில் இல்லை. இல்லாதது இயல்பே. எங்கள் வீட்டில் இறைச்சிக்குப் பெயர் கிடையாது. ‘அது’ என்போம். இறைச்சிக் கடை ‘அந்தக் கடை’. முட்டைகூட ‘அது’தான், எந்த ‘அது’ என்பதை முகச்சுளிப்பின் அளவைக் கொண்டு அறிந்துகொள்ள வேண்டும். அக்கா என்ன வேலை பார்க்கிறாள் என்று உறவினர் கேட்டால், பெரியம்மா ஏழாண்டுகளாக ‘மருந்துத் துறை’ என்றே சொல்லிவந்தாள். பொய்யென்று எங்களில் எவரும் அதை நினைத்ததில்லை. நாகரிகம் என்று நினைத்தோம்.

செவ்வாய்க்கிழமை அக்கா என்னை இருட்டறைக்கு அழைத்துப் போய் நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னாள். ஆட்டு மூட்டிலிருந்து சட்டைப் பொத்தான் அளவுக்குக் குருத்தெலும்பை வெட்டியெடுத்து, நடுவில் சிறு துளையிட்டு, இளஞ்சிவப்புச் சத்துநீரில் உடற்சூட்டில் வாரக்கணக்கில் வைத்திருப்பார்கள். துளையின் விளிம்பில் செல்கள் ஏதேனும் முயல்கின்றனவா என்று பார்ப்பதுதான் வேலை. ஒரு சாயம் இட்டால் உயிருள்ளவை பச்சையாகவும் இறந்தவை சிவப்பாகவும் ஒளிரும். நான் பார்த்த இருட்டில் பச்சைப் புள்ளிகள் நிறைந்திருந்தன. மழைக்குப் பிந்திய இரவில் எங்கள் வாய்க்கால் கரையில் மின்மினிகள் இப்படி இருக்கும்.

“இதில் ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. அடிபட்டால் உதவிக்கு ஒன்றும் வந்து சேராது. அடிபட்டது முதலில் தெரியவும் தெரியாது” என்றாள் அக்கா. கையேட்டுக்காக அதைக் குறித்துக்கொண்டேன். ‘குருத்தெலும்பு தன் காயத்தைத் தானே அறிவிப்பதில்லை’ என்று அன்றிரவு வாக்கியம் செய்து, அது நன்றாக அமைந்ததில் மகிழ்ந்தேன்.

மூட்டுகளின் அடுத்த தொகுதி வியாழக்கிழமை வரவேண்டியிருந்தது. புதிதாகக் கலந்த சத்துநீர் ஒன்றை அதில் சோதிப்பதற்காக அக்கா மூன்று வாரமாகத் தயாரித்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமை மாலை, மலையில் பருப்பு வேகக் கூடுதலாக இரண்டு விசில் வேண்டும் என்று அவள் எனக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, உதகையிலிருந்து பெட்டி கொண்டுவரும் உதவியாளர் மகளின் காதுகுத்துக்காகத் தாராபுரம் போய்விட்டார் என்று செய்தி வந்தது. அக்காவால் நகர முடியாது. காலையில் பழைய தொகுதிக்கு நீர் மாற்ற வேண்டும்.

“நான் போய் வாங்கி வருகிறேன்” என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “உன்னால் முடியுமா? அது...” என்று தொடங்கி, நிறுத்தி, “ஆட்டு மூட்டு” என்று முடித்தாள்.

முடியும் என்றேன். கையேடு எழுதுகிறவள் இதையும் பார்த்திருக்க வேண்டும் என்ற இலக்கியப் பெருமிதம் அப்போது என்னிடம் இருந்தது. அக்கா கட்டளைகளைச் சொன்னாள்: மூட்டுகள் மூடிய எவர்சில்வர் டப்பாவில் இருக்கும்; டப்பாவைச் சுற்றி ஐஸ்; குளிர்ச்சியாக வர வேண்டும், உறையக் கூடாது. நான் அதையும் எழுதி வைத்துக்கொண்டேன். என் கையெழுத்து அழகானது.

வியாழக்கிழமை ஏழரை மணிக்கு உதகைச் சந்தையில் காதர் பாயின் ஆட்டிறைச்சிக் கடைமுன் நின்றேன். காய்கறி வரிசையைத் தாண்டும்வரை மகிழ்ச்சியாகவே வந்தேன். எங்கள் ஊரில் கேரட் ஒரு காய். அங்கே அது ஒரு குன்று. இறைச்சி வரிசை தொடங்கியதும் முந்தானையை மூக்கருகே கொண்டுபோனேன். எதிர்க்கடைக்காரர் பார்த்துவிட்டார். “பாய், உங்க கஸ்டமருக்குச் சளி புடிச்சிருச்சாட்ட இருக்குது!”

காதர் பாய்க்கு ஐம்பது வயது இருக்கும். கம்பளிக் குல்லாய், அதற்கு மேல் மூக்குக்கண்ணாடி. “டாக்டரம்மா தங்கச்சீங்களா? வாங்க வாங்க. இப்பத்தான் ஆடறுக்கிற தொட்டியிலிருந்து வந்துச்சு. அறுத்து ஒரு மணிநேரங்கூட ஆகல” என்றார். மூட்டைத் திறக்காமல், மேலும் கீழும் ஒரு சாண் விட்டு வெட்டினார். மூட்டின் உறை கிழிந்தால் டாக்டரம்மா வாங்க மாட்டார் என்று தாமே சொல்லிக்கொண்டார். நான்கையும் தாளில் சுற்றி என் கையில் தந்தார். “பாருங்க பாப்பா, இன்னும் சூடு போகல.”

போகவில்லை. தாளையும் மீறி அது வெதுவெதுப்பாக இருந்தது. நோயுற்றவர் நெற்றியில் கைவைத்தால் உணர்கிற சூடு. அதுதான் என்னைக் கலைத்தது. மணமோ நிறமோ அல்ல, அந்தச் சூடு. பொட்டலத்தை டப்பாவுக்குள் ஏறத்தாழ எறிந்தேன். அவரே மூடி, பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் ஐஸ் நிரப்பிக் கயிறு கட்டினார்.

பேருந்தில் ஓட்டுநருக்குப் பின்னால், பெண்கள் இருக்கையில் இடம் கிடைத்தது. அருகில் இருந்தவர் மாரியாயி. பெயரைக் கேட்காமலே சொன்னார். அவருடைய சிறு வயதில் சிலோனிலிருந்து வந்த குடும்பம், குன்னூருக்குக் கீழே ஓர் எஸ்டேட்டில், லயம் என்னும் தொழிலாளர் வரிசையில் வீடு, வியாழன்தோறும் உதகைப் பெரியாஸ்பத்திரியில் முட்டிக்கு மாத்திரை. லவ்டேல் வருவதற்குள் இவ்வளவும் தெரிந்துவிட்டது. என்னைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு அவர் பார்வை என் காலடிப் பெட்டிக்கு வந்தது.

“என்னா புள்ள, பொட்டில?”

“மருந்து” என்றேன். ஏழாண்டுப் பழக்கம் எனக்காகப் பேசியது.

“எதுக்கு மருந்து?”

“முழங்காலுக்கு.”

அவர் முகம் மாறிய விதத்தை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். “நெசமாவா? ஐயோ, அத ஏன் கால்ல வச்சிருக்க? குடு இப்புடி, மடியில வச்சிக்கிறேன்.” இரு கைகளையும் நீட்டினார். பாயின் கை ரத்தம் பட்ட ஐஸ் உருகி, பெட்டியின் ஓர் ஓரத்தில் இளஞ்சிவப்பாக நீர் கசியத் தொடங்கியிருந்தது. அது அவர் சேலையில் பட்டால் என் சொல் பொய்யென்று தெரிந்துவிடும். வேண்டாம் என்றேன். அவர் வற்புறுத்தினார். அப்போது நடத்துநர் வந்து, “ஏனுங்க, பொட்டிய வழியில வெக்காதீங்க. இப்படிக் குடுங்க, பேனட் மேல வெச்சுக்கலாம்” என்றார். ஓட்டுநருக்குப் பக்கத்தில் இன்ஜினை மூடியிருக்கும் அந்த மேடு, குளிருக்கு அடுப்புத் திண்டுபோல் சூடாக இருந்தது. அதன்மேல் ஏற்கெனவே மூவருடைய பைகள். நன்றியுடன் தூக்கிக் கொடுத்தேன். என் மடியைவிட்டும் அவர் மடியைவிட்டும் அது போனதே போதும்.

கேத்திப் பிரிவு தாண்டியதும் பேருந்து நின்றது. முந்தின இரவுக் காற்றில் ஒரு கற்பூர மரம் சாலைக்குக் குறுக்கே சாய்ந்திருந்தது. வெட்ட ஆள் வர வேண்டும். ஒன்றரை மணி நேரம் நின்றோம். ஓட்டுநர் இன்ஜினை நிறுத்தவேயில்லை. “நிறுத்துனா மறுக்கா ஸ்டார்ட் ஆவாது. அப்புறம் நீங்க எல்லாரும் எறங்கித் தள்ளோணும். சம்மதமுங்களா?” என்று கேட்டார். எவரும் சம்மதிக்கவில்லை. ஒரு படுகர் பெரியவர் பையிலிருந்து வர்க்கியை எடுத்து எல்லோருக்கும் பிய்த்துக் கொடுத்தார். அடுக்கடுக்காக உதிர்ந்த அந்த ரொட்டியில் மாரியாயி தம் பங்கில் பாதியை எனக்குத் தந்தார். “தின்னு. முட்டிக்கு மருந்து கொண்டார புள்ள, பசியோட இருக்கக் கூடாது.” தின்றேன். பெட்டியிலிருந்து நீர் வழிந்து பேனட்டில் சொட்டி உலர்ந்துபோவதைப் பார்த்துக்கொண்டே தின்றேன். எழுந்துபோய் எடுத்திருக்கலாம். எடுத்தால் எங்கே வைப்பது? மீண்டும் அதே இரண்டு கைகள் நீளும்.

குன்னூரில் இறங்கும்போது மாரியாயி, “மருந்து எப்ப குடுப்பாங்க?” என்று கேட்டார். “நாளாகும்” என்று சொல்லிவிட்டு விரைந்து நடந்தேன்.

நிலையத்தின் பின்சுவரோரம் பெட்டியைத் திறந்தேன். ஐஸ் ஒரு துண்டுகூட இல்லை. டப்பா வெதுவெதுப்பான நீரில் மிதந்தது. முதல் வேலையையே கெடுத்துவிட்டேன் என்று சொல்ல வேண்டியிருக்குமே என்ற அச்சம் வந்தது. எதிரே ஒரு குல்ஃபி வண்டி நின்றது. ஐஸ் மட்டும் கேட்டேன். வண்டிக்காரர் வியந்தார்.

“குல்ஃபி வேண்டாங்களா? வெறும் ஐஸா? இது உப்புப் போட்ட ஐஸுங்க, வாயில கீயில போட்றாதீங்க. சாதா ஐஸ் மாதிரியில்ல, பாலையே கல்லாக்கிப் போடும்.”

நல்லதாயிற்று என்று நினைத்தேன். இழந்த குளிரை விரைவில் ஈடுகட்டும். பெட்டி நிறைய வாங்கினேன். ஆய்வுக்கூடத்தில் அக்கா கண்ணாடித் தடுப்புக்குள் இரு கைகளையும் விட்டு வேலையில் இருந்தாள். “மூலையில் வை, மதியம் பார்க்கிறேன்” என்றாள். பிறகு, “வழியில் ஒன்றும் சிக்கலில்லையே?” என்று கேட்டாள்.

“மரம் விழுந்து தாமதம். மற்றபடி ஒன்றுமில்லை.”

மதியம் டப்பாவை அவளிடம் எடுத்துக் கொடுத்து, மீந்த ஐஸை நானே கழுவுதொட்டியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். அக்கா மூட்டைத் தொட்டுப் பார்த்து, “இவ்வளவு விறைப்பாக இருக்கிறதே” என்றாள். அப்படியே வெட்டத் தொடங்கினாள்.

மாலையில் சாயமிட்டுப் பார்த்தோம். இருட்டில் பச்சை ஒன்றுகூட இல்லை. அத்தனையும் சிவப்பு. அக்கா நான்கு மூட்டிலிருந்தும் மறுபடி வெட்டி, மறுபடி பார்த்தாள். பிறகு விளக்கைப் போட்டு, நாற்காலியில் சாய்ந்து, அவளுக்கே உரிய ஒழுங்குடன் யோசித்தாள். ஐஸ் நிறைய இருந்தது, ஆகவே வழியில் கெடவில்லை. செல்கள் முழுவதும் செத்திருக்கின்றன. உறைந்தால்தான் இப்படி ஆகும். ஆகவே வாங்கும்போதே உறைந்திருக்க வேண்டும். “பாய் ப்ரீசரில் வைத்த பழையதைக் கொடுத்துவிட்டார்” என்றாள். குறிப்பேட்டில் ஆங்கிலத்தில் அப்படியே எழுதினாள். அந்தத் தர்க்கத்தில் ஒரே ஒரு பிழைதான் இருந்தது. அது அவளுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை இருவரும் உதகை போனோம். நான் அறையிலேயே இருப்பதாகச் சொல்லியிருக்கலாம். தலைவலி என்று இன்னொரு பொய் போதுமானது. ஏனோ போனேன். அக்கா குரலை உயர்த்தவில்லை. ஆனால் அவள் சொல்வது கேட்கும் தொலைவில் ஏழெட்டுக் கடைகள் இருந்தன.

“பாய், நீங்கள் கொடுத்தது ப்ரீசர் கறி. மூன்று வார வேலை போயிற்று.”

காதர் பாய் கத்தியைக் கீழே வைத்தார். “அம்மா, எங்கடையில ப்ரீசரே இல்லீங்க. உள்ள வந்து பாருங்க.”

“சோதனை பொய் சொல்லாது.”

“என்ன பாய், ஆட்டுக்கு ஐஸ் வெச்சீங்களாமா?” என்றது எதிர்க்கடை. யாரோ சிரித்தார்கள். வரிசையில் நின்ற ஒருவர், விடுதிப் பள்ளி ஒன்றின் சமையற்காரர், தினமும் அந்தக் கடையில் வாங்குபவராம், தம் பெரிய பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மெல்ல அடுத்த கடைக்கு நகர்ந்தார். பாய் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது.

“இந்தப் பாப்பா கையில வாங்குச்சே! கேளுங்க. சூடு போகாமத்தான குடுத்தேன்? சொல்லுங்க பாப்பா, வெதுவெதுன்னு இருந்துச்சா இல்லியா?”

அந்தச் சூடு என் உள்ளங்கையில் அப்போதும் இருந்தது. அதைப்போல் தெளிவாக நான் வேறெதையும் நினைவில் வைத்திருக்கவில்லை.

“நான் கவனிக்கவில்லை” என்றேன்.

திருத்தமான உச்சரிப்பில், முழு வாக்கியமாகச் சொன்னேன்.

சனிக்கிழமை கையேடு எழுத உட்கார்ந்தேன். ‘தன் காயத்தைத் தானே அறிவிப்பதில்லை’ என்ற வாக்கியத்துக்கு மேல் பேனா நகரவில்லை. சன்னலுக்கு வெளியே மேகம் வந்து தேயிலையை மூடியது, விலகியது, மறுபடி மூடியது. எங்கள் ஊரில் வெயில் ஒருவரை இப்படி விட்டுவிட்டுப் பார்க்காது. பார்த்தால் நாள் முழுதும் பார்க்கும். அதுவே மேல் என்று தோன்றியது. மாலையில் அக்கா வேறொரு கடை தேட வேண்டும் என்றாள். பாய்க்கு இரண்டு பெண்கள் என்றும், இத்தனை ஆண்டில் ஒருமுறைகூட உறை கிழியாமல் வெட்டிக்கொடுத்தவர் என்றும், மனிதர்களை நம்பவே முடியவில்லை என்றும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, குக்கரின் நான்காவது விசிலுக்கும் ஐந்தாவது விசிலுக்கும் இடையில் சொல்லிவிட்டேன். அழகாகச் சொல்ல வேண்டும் என்று முந்தின இரவு தயாரித்த வாக்கியங்கள் எவையும் வரவில்லை. “நான்தான்” என்று தொடங்கினேன்.

அக்கா அடுப்பை அணைத்தாள். ஏசவில்லை. ஆய்வில் கேட்பதுபோல் கேட்டாள். பேனட்டில் எவ்வளவு நேரம்? டப்பா திறந்ததா? ஐஸ் எங்கே வாங்கினாய்? குல்ஃபி வண்டி என்றதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“உப்பு ஐஸ்.”

“ஆமாம்.”

“உப்புப் போட்டால் ஐஸ் பூஜ்ஜியத்துக்கும் கீழே போகும். அதில் மூன்று மணி நேரம்.” கண்ணைத் திறந்து, “பேனட் சூட்டோடு அப்படியே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்கும். குருத்தெலும்பு அவ்வளவு சீக்கிரம் சாகாது. சூடாகிவிட்டது அக்கா என்று என்னிடம் நீட்டியிருந்தால் போதும்” என்றாள்.

ஆக, விபத்து எதையும் கெடுக்கவில்லை. மறைக்க நான் போட்ட ஐஸ்தான் கெடுத்தது. இதை இங்கு எழுதும்போதும் என் முகம் சூடாகிறது.

“பாயிடம் நான் என்ன சொன்னேன், நினைவிருக்கிறதா? சோதனை பொய் சொல்லாது என்றேன்” என்றாள் அக்கா. அன்று நாங்கள் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை குறிப்பேட்டை என் முன் வைத்தாள். நான் வெள்ளை மையை எடுக்கப் போனேன். என் ஏடுகளில் பிழை இருந்த தடமே தெரியாமல் திருத்துவது என் வழக்கம். அக்கா கையைப் பிடித்தாள். ஆய்வுக் குறிப்பேட்டில் எதையும் அழிக்கக் கூடாதாம். தவறான வரியின்மேல் ஒற்றைக் கோடு. கீழே உள்ள எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதிக் கையொப்பமிட வேண்டும். அப்படியே செய்தேன். பாய் மீதான குற்றச்சாட்டு கோட்டுக்கு அடியில் இன்னும் தெளிவாகப் படிக்கக் கிடைக்கிறது. அதற்குப் பக்கத்தில் என் பெயர்.

பிறகு அக்கா பாய் கடைக்குப் பக்கத்து டீக்கடைத் தொலைபேசியில் அவரை அழைத்து மன்னிப்புக் கேட்டாள். அவர் குரல் எனக்கும் கேட்டது. “நீங்க தெரியாம சொன்னீங்கம்மா. அத விடுங்க. தெரிஞ்சவங்க வாயை மூடிட்டு நின்னாங்களே, அவங்க வரட்டும். சொன்னது சந்தையில. திருப்பிச் சொல்றதும் சந்தையிலதான்.”

நான் வகுப்பறையில்கூட எழுந்து பேசாதவள். வாய்மொழித் தேர்வில் ‘சற்று உரக்க’ என்று எப்போதும் சொல்லப்படுபவள். வியாழக்கிழமை வரையிலான மூன்று நாளும் மலையில் நான் எதையும் பார்த்ததாக நினைவில்லை.

ஏழரை மணிக்குக் கடைமுன் நின்றபோது வரிசை முழுவதும் ஆட்கள். சமையற்காரரைப் பாய் வரவழைத்திருந்தார். பாத்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றார். பாய் எனக்கு வணக்கம் சொல்லவில்லை.

“சென்ற வியாழக்கிழமை இவர் கொடுத்த...” என்று தொடங்கினேன்.

“காதுல உழுகலீங்க!” என்றது எதிர்க்கடை.

மறுபடி தொடங்கினேன். “சென்ற வியாழக்கிழமை இவர் கொடுத்த ஆட்டு மூட்டுகள் புதியவை. அவற்றைக் கெடுத்தது நான். அஞ்சி மறைத்தேன். மறுநாள் இங்கே இவர் என்னைக் கேட்டபோது தெரிந்தே பொய் சொன்னேன். இவர்மீது எந்தக் குற்றமும் இல்லை.”

“ரேடியோவுல சேதி வாசிக்கிறாப்பல இருக்குதுடா” என்று யாரோ சொல்ல, வரிசை சிரித்தது. காதர் பாய் சிரிக்கவில்லை. சமையற்காரர் தலையைச் சொறிந்தார். “எனக்குச் சரிதானுங்க பாய். வார்டன்கிட்டச் சொல்லிப் பாக்கறேன். அவரு என்ன சொல்றாரோ.” அன்று அவர் பாத்திரத்துடன் அடுத்த கடைக்கே போனார். நான் எண்ணியிருந்த முடிவு அதுவன்று. பாய் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “வந்தா வருவாரு” என்றார்.

பிறகு நான்கு மூட்டுகளை வெட்டினார். இம்முறை தாளில் சுற்றவில்லை.

“கையை நீட்டுங்க.”

நீட்டினேன். ஒன்றை உள்ளங்கையில் வைத்தார்.

“எப்படி இருக்குது?”

“சூடாக இருக்கிறது.”

“சத்தமா.”

“சூடாக இருக்கிறது!” என்றேன். காய்கறி வரிசைவரை கேட்டிருக்கும். பாய் தலையசைத்து, டப்பாவை மூடி, ஐஸை நிரப்பி, முந்தைய வாரம் போலவே கயிறு கட்டினார். “கையைக் கழுவிக்கிட்டுப் போ பாப்பா. அந்தாண்ட குழாய் இருக்குது.” போங்க என்று சொல்லவில்லை, போ என்றார். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

பேருந்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். நடத்துநர் பேனட்டைக் காட்டினார், வேண்டாம் என்றேன். வியாழக்கிழமை என்பதை நான் மறந்திருந்தேன். கடைசி நிமிடத்தில், கைப்பிடியைப் பற்றி, ஒரு காலை ஊன்றி மறுகாலை இழுத்துக்கொண்டு, மாரியாயி ஏறினார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“அட, மருந்துப் புள்ள! வந்துருச்சா?”

“அம்மா, இதில் மருந்து இல்லை. ஆட்டு முழங்கால் இருக்கிறது. போன வாரமும் அதுதான் இருந்தது. அதை வைத்துத்தான் ஆராய்ச்சி. மருந்து கண்டுபிடிப்பார்களா, எப்போது என்றெல்லாம் யாருக்கும் தெரியாது. நான் உங்களிடம் பொய் சொன்னேன்.”

லவ்டேல் வந்து போயிற்று. அவர் மாத்திரைப் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு, “ஆடு கொழுந்து எடுக்கப் போவுதா, அதுக்கு எதுக்கு முட்டி தேயுது?” என்று கேட்டார்.

தேயவில்லை, நாங்கள்தான் துளை போடுகிறோம் என்றேன். “போட்டு?” என்றார். அது ஆறுகிறதா என்று பார்ப்போம் என்றேன். “ஆறுதா?” என்றார்.

“இதுவரை சரியாக ஆறவில்லை.”

“அது சரி” என்று ஏறத்தாழத் திருப்தியுடன் சொன்னார். “எனக்கும் ஆறலியே.” பிறகு இரு கைகளையும் நீட்டினார். “குடு, நான் வச்சிக்கிறேன்.”

“கசியும், அம்மா. சேலை வீணாகும்.”

“கறிதான? நான் பாக்காத கறியா?” பெட்டியைத் தம் இரண்டு முழங்கால்களின் மேலும் படும்படி நகர்த்தி வைத்துக்கொண்டார். உருகிய ஐஸ் நீர் அடிப்பக்கமாகக் கசிந்து சேலையை நனைத்தது. அவர் கண்ணை மூடி, இருக்கையில் சாய்ந்தார்.

“அம்மாடி! என்னா சில்லுன்னு இருக்கு. வலி அப்புடியே அடங்குது, புள்ள. போன வாரமே குடுத்திருக்கலாம்ல?”

மரம் விழுந்திருந்த இடத்தைக் கடந்தோம். வெட்டிய அடிமரம் சாலையோரம் கிடந்தது. அங்கே ஒன்றரை மணி நேரம் நின்றிருந்தோம். குன்னூர் வரும்வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை. நான் கயிற்றின் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு, உலர்ந்த மடியுடன் உட்கார்ந்திருந்தேன்.